ஆபீசர் கேட்காத மூச்சு

கனிஷ்கா குழாயில் ஊதினாள். ஆபீசர் கொஞ்ச நேரம் யோசித்தது.

ஆபீசர் என்பது ஆளில்லை, பிரஷர் வாஷர். இடுப்பு உயரம், மஞ்சள் பெயின்ட், இரண்டு சக்கரம், தலையில் ஒரு கேமரா. நாமக்கல் பைபாஸில் இருக்கும் கனிஷ்கா வாட்டர் சர்வீஸுக்கு அது வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு அது பேசுகிற தமிழ், தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் போலவே இருக்கும்.

"வணக்கம், கனிஷ்கா அவர்களே. தங்கள் மூச்சு மூன்றாம் நிலை. இன்று தாங்கள் பயன்படுத்தத் தக்கது மென்சோப்பு மட்டும்."

"நேத்தும் அதே சோப்புத்தானே?"

"நாளையும் அதுவே என எதிர்பார்க்கலாம்."

கனிஷ்கா அதை ஓங்கி ஒரு உதை விடலாமா என்று யோசித்தாள். உதைத்தால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டாள்.

இது நடந்தது 2057இல். கனிஷ்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அந்தக் காலத்தில் லாரிப்பட்டறைகளிலும் காய்கறிக் கடைகளிலும் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் கனிஷ்கா, ஹாசினி என்றுதான் பெயர் இருக்கும், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வயதில் கன்னைக் கையில் பிடித்தவள். தண்ணீரைப் பீய்ச்சும் அந்த நீளமான குழாய்த் துப்பாக்கிக்கு எல்லா வாட்டர் சர்வீஸிலும் கன் என்றுதான் பெயர். சேறும் கிரீஸும் வழிந்தோட, அடியிலிருந்து ஒரு லாரியின் சொந்த நிறம் மெல்ல எட்டிப் பார்க்கும் அந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இந்தத் தொழிலில் இருந்தாள். இருபத்தைந்து வருஷமாகியும் அந்தச் சந்தோஷம் அவளுக்குச் சலிக்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு முட்டை லாரி உள்ளே வந்தது. கூடவே முட்டைக் கம்பெனி மேனேஜர் தஸ்வந்த் இறங்கினான். முப்பது வயதிருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. லாரியின் வாசம் தன்மேல் பட்டுவிடக் கூடாதென்று பத்தடி தள்ளியே நின்றான்.

"இது மாதிரி இருபத்திரண்டு லாரி இருக்குதுங்க, அக்கா. ஒம்பது நாள்ல வெளிநாட்டுல இருந்து சோதனைக்கு வர்றாங்க. பலகைச் சந்துல ஒரு சொட்டு மஞ்சக்கரு காஞ்சு கெடந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்க."

"பண்ணிரலாங்க."

"உங்களால முடியலைன்னா சொல்லிருங்க. பரமத்தி ரோட்டுல புதுசா சுரங்க வாஷ் வந்திருக்குது. ஆளே வேண்டாம். இந்தப் பக்கம் அழுக்கா போனா அந்தப் பக்கம் பளபளன்னு வருது. நீங்க பழைய ஆளாச்சேன்னுதான் மொதல்ல இங்க வந்தேன்."

கனிஷ்கா கன்னைத் திரும்பிப் பார்த்தாள். முட்டை லாரிகள் அந்தப் பக்கம் போனால் மற்ற லாரிகளும் வால் பிடித்துக்கொண்டு போகும். அப்புறம் இந்தக் கன் துருப்பிடித்து மூலையில் கிடக்கும், அவளும் அதன் பக்கத்தில் கிடப்பாள்.

தஸ்வந்த் ஆபீசரை ஏற இறங்கப் பார்த்தான். "இது எதுக்குங்க மூச்செல்லாம் கேக்குதாம்?"

"இது தண்ணிய அடிக்கற வேகத்துல, என்ன மருந்தை ஊத்துனாலும் தூள்தூளாகிப் பனியாட்டம் நிக்குமுங்க. கையில பட்டாக் கழுவிக்கலாம். நெஞ்சுக்குள்ள போனதைக் கழுவறதுக்கு எங்க போறது? முந்தியெல்லாம் நாங்க ஆசிட்டு, பிளீச்சிங்னு கையில கெடைச்சதையெல்லாம் ஊத்தி அடிச்சோம். லாரி பளபளன்னு போச்சு, அடிச்சவன் இருமிக்கிட்டே போய்ச் சேர்ந்தான். அப்பறந்தான் சட்டம் போட்டாங்க. இது மூணு பேரைக் கேக்குமுங்க. மருந்தைக் கேக்கும், லாரித் தகரத்தைக் கேக்கும், கன் புடிக்கறவங்க நெஞ்சைக் கேக்கும். மூணும் சரின்னு சொன்னாத்தான் மருந்து ஏறும்."

"உங்க நெஞ்சு என்ன சொல்லுது?"

"சோப்புன்னு சொல்லுதுங்க" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள். நான்காம் நிலைக்கு இறங்கிவிட்டால் கன்னே கையில் நிற்காது, ஆபீசர் பூட்டிவிடும் என்பதை அவள் சொல்லவில்லை.

மென்சோப்பு போட்டு அடித்ததில் முதல் லாரிக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. காய்ந்த மஞ்சள் கரு பெயின்டைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் சோதனைக்காரர்கள் வந்து, பார்த்து, ஊருக்கே திரும்பிப்போன பிறகும் நாலு லாரி பாக்கி இருக்கும்.

இரண்டாவது லாரிக்கு அவள் வெந்நீரைப் போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீரில் போகும்போது முட்டை போகாதா என்று கணக்குப் போட்டாள். இருபத்தைந்து வருஷம் கிரீஸையே கழுவியவளுக்கு வேறென்ன தோன்றும்? கொதிக்கிற தண்ணீர் பட்டதும் பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்தது.

"கனிஷ்கா அவர்களே, தாங்கள் தற்போது ஆம்லெட் தயாரித்துள்ளீர்கள்" என்றது ஆபீசர்.

அதைச் சுரண்டி எடுக்க ஒரு முழு மத்தியானம் ஆனது.

மறுநாள் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காயைத் தட்டிப் போடுகிறோம், பஞ்சாக வெந்துவிடுகிறது. முட்டையும் அந்த ஜாதிதானே? பக்கத்துத் தோட்டத்தில் நாலு காயைக் கீறிப் பாலெடுத்து, தண்ணீரில் கலக்கி, பெருமையோடு ஆபீசர் முன்னால் வைத்தாள்.

ஆபீசர் குழாயை விட்டு ருசி பார்த்தது. "சிறந்த சிந்தனை. பப்பாளிப் பால் கறியைக் கரைக்கும். ஆயினும் அனுமதி இல்லை."

"ஏனுங்க? மரத்துல காய்ச்சதுதானே?"

"சாரலாகி உள்ளே சென்றால் அதற்குக் கறி எது, நுரையீரல் எது என்ற பேதம் தெரியாது. தங்கள் நுரையீரலும் கறியே."

கடுப்பில் கழிவறை ஆசிட் பாட்டிலை ஒரு கையிலும் பிளீச்சிங் டப்பாவை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆபீசர் அன்றுதான் முதல்முறையாகக் கத்தியது. "இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது! சேர்ந்தால் விஷவாயு! தயவுசெய்து எதிரெதிர்த் திசையில் வையுங்கள்!"

"அப்ப எதுதான் போகும்? நீங்களே சொல்லுங்க, சாமி."

"காஸ்டிக் சோடாக் கரைசல். குளிர்ந்த நீர். ஒரு லாரிக்கு நாற்பது நிமிடம். இந்த லாரிகளின் உடல் இரும்பு என்பதால் தடையில்லை. அலுமினியமாக இருந்தால் அரித்துவிடும். இயக்குபவர் முகமூடி அணிய வேண்டும். இயக்குபவரின் மூச்சு முதல் அல்லது இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும்."

அப்படிப்பட்ட மூச்சுக்கு எங்கே போவது என்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நாயனம் கேட்டது.

வித்துவான் பிரவீன்குமார் ஐம்பத்தொன்பது வயதுக்காரர். கல்யாணங்களில் நாயனம் வாசிப்பவர். வீட்டில் சாதகம் பண்ண வழியில்லை. பதினாலு மாடி அடுக்ககத்தில் பதிமூன்று மாடிக்காரர்கள் சேர்ந்து புகார் எழுதினார்கள். பூங்காவுக்குப் போனார், நடக்க வந்தவர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். மண்டபக்காரர் வாடகை கேட்டார். கடைசியில் ஊரிலேயே சத்தத்துக்கு யாரும் கோபிக்காத இடம் வாட்டர் சர்வீஸ் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, ஆறு மாதமாகத் தினமும் இங்கே வந்துகொண்டிருந்தார். அதுவும் லாரி கழுவும்போது கொட்டகையை விட்டு வந்து ஆபீசரை ஒட்டியே உட்காருவார். பம்பு ஓடுகிற ரீங்காரம் அவருக்குச் சுருதிப்பெட்டி மாதிரி.

"காசு குடுத்து வாங்குன பெட்டிகூட இத்தன சுத்தமா நிக்காது, அம்மிணி" என்பார்.

அவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது பாட்டுக்கு நிற்கும். கனிஷ்கா எழுந்து போய்க் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு வினாடி. கேட்டுக்கொண்டிருந்த அவளுக்குத்தான் மூச்சு முட்டியது.

"வித்துவானுங்க, ஒரு ஒத்தாசை பண்ணோணும்" என்றாள்.

ஆபீசர் குழாயில் தனக்குப் பதிலாக ஊதச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "பொய் சொல்றதாச்சே, அம்மிணி."

"நீங்க எங்க பொய் சொல்றீங்க? ஊதத்தானே போறீங்க. முப்பத்தஞ்சு வருஷமா அதைத்தானே பண்றீங்க?"

அவர் நாயனத்தைத் துண்டில் சுற்றி வைத்தார். கனிஷ்கா ஆபீசரின் முதுகில் ஆள் மாற்றம் என்ற பொத்தானை அழுத்தி, புதிய இயக்குபவர் என்று அவர் பெயரைச் சொன்னாள். அவர் குழாயை நாயனம் பிடிப்பது போலவே இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

ஆபீசர் இத்தனை நேரம் யோசித்து அவள் பார்த்ததில்லை.

"முதல் நிலை. பிரவீன்குமார் அவர்களே, இத்தகைய நுரையீரலை இம்மாவட்டத்தில் நான் கண்டதில்லை. தங்கள் மூச்சை அளப்பதில் பெருமை கொள்கிறேன்."

வித்துவான் அப்படியே நின்றுவிட்டார். கல்யாண வீட்டில் அவர் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது எல்லோரும் பந்திக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். தோடியை விஸ்தாரமாக எடுத்தால் ஃபோட்டோகிராபர் வந்து சீக்கிரம் முடிங்க என்பான். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் மூச்சை மெச்சிய முதல் ரசிகர் ஆபீசர்தான். மறுநாளிலிருந்து யாரும் கூப்பிடாமலே ஏழு மணிக்கு வந்து, வெள்ளை வேஷ்டியில், விபூதியோடு, குழாய் முன்னால் நின்றார்.

காஸ்டிக் ஏறியது. கனிஷ்கா முகத்தை முழுக்க மறைக்கும் முகமூடியைப் போட்டுக்கொண்டாள். கேமராவுக்கு முகமூடிதான் தெரியும், உள்ளே இருப்பது யாரென்று தெரியாது. கன்னை அழுத்தினாள். காய்ந்த மஞ்சள் கரு தோல் உரிவதுபோல உரிந்து விழுந்தது. முகமூடிக்குள் அவள் சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள்.

அடுத்த ஒரு வாரத்தை அவள் வாழ்க்கையின் நல்ல வாரம் என்றே சொல்ல வேண்டும். லோடு இறக்கிவிட்டு வர வர, ஒரு நாளைக்கு மூன்று லாரி. ஒரு பக்கம் சாரல் பறக்கும், மறுபக்கம் கல்யாணி ராகம் பறக்கும். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். தஸ்வந்த் வந்து பார்த்துவிட்டு, "பரமத்தி ரோட்டுக்காரன்கூட இப்படிப் பண்ண மாட்டானுங்க, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று மட்டும் அவன் ஐந்தடி தூரத்தில் நின்றான்.

முதல் லாரி வந்ததிலிருந்து ஆறாவது நாள் ஆபீசர் வெறுமனே "முதல் நிலை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. வித்துவான் பாராட்டுக்காகக் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. அன்று முழுக்க உம்மென்று இருந்தார்.

எட்டாவது நாள் "இரண்டாம் நிலை" என்றது. "ராத்திரி சரியாத் தூங்கலைங்க" என்று அவராகவே சமாதானம் சொன்னார். இரண்டாம் நிலைக்கும் காஸ்டிக் ஏறும் என்பதால் கனிஷ்கா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் முகமூடியைக் கழற்றி இரண்டு தடவை இருமியபோது வித்துவான் பிடித்துக்கொண்டார்.

"போதும், அம்மிணி. உங்க நெஞ்சு கெட்டுட்டா அந்தப் பாவம் என்னோட மூச்சுக்குத்தான் வந்து சேரும்."

"இன்னும் ரெண்டே லாரிதானுங்க. நாளைக்கு ஒரு தடவை ஊதிக் குடுத்துருங்க."

ஒன்பதாம் நாள் காலையில் கடைசி இரண்டு லாரியும் வந்து நின்றன. தஸ்வந்தும் வந்திருந்தான். வித்துவான் ஊதினார்.

"மூன்றாம் நிலை. மென்சோப்பு மட்டும்."

கனிஷ்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வித்துவானுங்க, வெளையாடாதீங்க. நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு நடிக்கறீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். முகத்தில் ஒரு திகைப்பு வந்து போனது. பிறகு மெல்லச் சிரித்தார். "ஆமாங்க. நடிச்சேன்."

"இன்னொருக்கா ஒழுங்கா ஊதுங்க."

ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. "மூன்றாம் நிலை" என்றது ஆபீசர். "ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நான் மூச்சின் வேகத்தை அளப்பதில்லை. நுரையீரல் உள்ளே வீங்கினால் மூச்சில் ஒரு வாயு கூடுதலாகக் கலந்து வரும், அதையே அளக்கிறேன். இதில் நடிக்க இயலாது. இவருக்கு இவ்வீக்கம் நான்கு நாள்களாகக் கூடிவருகிறது."

 கனிஷ்காவின் கை அதுவாகவே குழாயை எடுத்தது. ஆள் மாற்றப் பொத்தானை அழுத்தித் தன் பெயரைச் சொல்லி ஊதினாள்.

"மீண்டும் வருக, கனிஷ்கா அவர்களே. இரண்டாம் நிலை. முன்பிருந்ததைவிட மேம்பட்டுள்ளீர்கள். ஏழு நாளாகத் தாங்கள் இயக்கவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். காஸ்டிக் அனுமதிக்கப்படுகிறது. பணி தொடங்கலாமா?"

இயக்காமல் என்ன? ஏழு நாளும் அவள்தான் சாரலுக்கு நடுவில் நின்றாள். முகமூடி போட்டுக்கொண்டு நின்றாள். நாலடி தள்ளி, சுருதிக்காகப் பம்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அடிவயிறு வரைக்கும் காற்றை இழுத்து இழுத்து, ஒரு மூச்சுக்கு நாற்பது வினாடி உள்ளே தேக்கி வைத்திருந்தவர் அவர். அந்த மூச்சில் பாதி காஸ்டிக்.

"ஆபீசர், இவரு இத்தன நாளா உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாரே, பாக்கலியா?"

"பார்த்தேன். ஒருவர் இசைத்துக்கொண்டிருந்தார்."

"அவரு நெஞ்சை ஏன் கேக்கலை?"

"இயக்குபவரின் மூச்சைக் கேட்பதே விதி. பக்கத்தில் இருப்பவருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை."

கனிஷ்காவுக்கு அதைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாட்டையும் கேட்டாள்.

தஸ்வந்த் கைபேசியில் மணி பார்த்தான். "அக்கா, இப்ப உங்க பேருலயே அனுமதி வந்திருச்சல்லங்க? ஒண்ணரை மணி நேரத்துல முடிச்சிரலாமே."

உண்மைதான். ஒன்றரை வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்தது கையில் வந்து விழுந்திருந்தது. சொந்தப் பெயர், சொந்த மூச்சு, இரண்டாம் நிலை.

"தம்பிதான் சொல்றாருல்லங்க" என்றார் வித்துவான். "அந்தப் பொட்டி கெடக்குது. நேத்து ராத்திரி முகூர்த்தத்துல வாசிச்சது, சளி புடிச்சிருக்கும். இதோ பாருங்க." நாயனத்தை எடுத்தார். வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு ஒரு ஸ்வரத்தைப் பிடித்தார். கனிஷ்கா மனதுக்குள் எண்ணினாள். பதினேழில் சத்தம் கிழிந்தது. அவர் அதை ஒரு பிர்கா மாதிரி, வேகமான சுழிப்பாக வளைத்து மறைத்து, இறக்கி முடித்து, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஏழு நாள் இடைவிடாமல் கேட்டவளுக்கு எது பிர்கா, எது இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஆபீசர், இது தேறுமா?" என்றாள்.

"மருத்துவரைக் காண வேண்டும். சாரலற்ற இடத்தில் தினமும் நீண்ட மூச்சுப் பயிற்சி செய்தால் தொண்ணூறு நாளில் பெரும்பாலும் தேறும். அவருக்கு அத்தகைய இடம் உள்ளதா?"

 ஊரில் அவருக்கு இருந்தது இந்தத் தகரக் கொட்டகை ஒன்றுதான்.

"பணி தொடங்கலாமா?" என்று ஆபீசர் மறுபடி கேட்டது.

கனிஷ்கா கன்னைக் கொக்கியில் மாட்டினாள். சுவரோரம் போய்ச் சுவிட்சை அணைத்தாள். பம்பு நின்றதும் இடமே திடீரென்று காலியானது போல இருந்தது.

"என்ன பண்றீங்க, அக்கா?" என்று தஸ்வந்த் பதறினான்.

"ரெண்டு வண்டிக்கும் ஈரச்சாக்கைப் போட்டு ஊற வைக்கறனுங்க. சோப்புத் தண்ணி, நார், வாளி. பொழுது எறங்கறதுக்குள்ள தேச்சுக் குடுத்துருவேன். உங்க சோதனை நாளைக்குத்தானே? வாளியில இருந்து சாரல் வராது."

"இன்னைக்குச் சரி. நாளைக்கு?"

"நாளைக்கும் வாளிதானுங்க, தொண்ணூறு நாளைக்கும். அவசரக்காரங்க பரமத்தி ரோட்டுக்குப் போகட்டும்."

 போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாததில்லை. கொக்கியில் தொங்கிய கன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வித்துவான் பக்கம் வந்து நின்றாள்.

"தப்பு எம்மேலதானுங்க. முகமூடி ஒண்ணு வாங்குனேன். ரெண்டா வாங்கோணும்னு தோணலை."

"நாயனக்காரனுக்கு முகமூடியப் போட்டு எதுல ஊதறது?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அடங்கியதும் சொன்னார். "விடுங்க, அம்மிணி. கேட்டது நீங்க, குடுத்தது நானு. நாலு வார்த்தை மெச்சுச்சுன்னு ஆசைப்பட்டுத்தானே நானும் வந்து நின்னேன்."

"குடுத்ததைத் திருப்பித் தர்றனுங்க. தொண்ணூறு நாளாகும். மொதல்ல ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாங்க. அப்பறம் தெனமும் ஏழு மணிக்கு இங்க வந்து வாசிக்கோணும்."

"பம்பு இல்லாம சுருதிக்கு என்ன பண்றது?"

கனிஷ்கா முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருத்தர் முன்னாலும் வாய்விட்டுப் பாடியதில்லை. தன் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. லாரியின் பின்பலகையில் ஈரச்சாக்கை விரித்தபடி, ஒரே ஸ்வரத்தில், பம்பு போலவே "ம்ம்ம்" என்று இழுத்தாள். படு மோசமாக இருந்தது.

தஸ்வந்த் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். வித்துவான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அரை ஸ்வரம் ஏத்துங்க, அம்மிணி" என்றார்.